ஊர் மருந்தும் மும்பை மருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் உடல்நலம் குறித்துத் தங்கள் இதழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றில் இதுவரை பேசப்படாத ஒன்றை, தாராவியிலும் மாட்டுங்காவிலும் மருந்துக் கடைகளில் பல ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மும்பைத் தமிழர்களில் பலருக்கு இரண்டு ஊர்; அதனால் இரண்டு மருத்துவர். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதே இல்லை.

கோடை முழுவதும் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரில் இருந்துவிட்டு வந்த தாயார் ஒருவர், காலையில் படுக்கையை விட்டு எழுந்தாலே கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லி, உடம்பில் சத்தில்லை போலிருக்கிறது, நல்ல டானிக்காகக் கொடுங்கள் என்று கேட்டார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் அம்மா என்றதும் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். "இது ஊர்ல குடுத்தது தம்பி, இது இங்க ஆஸ்பத்திரியில எழுதினது" என்று இரண்டு அட்டைகளைப் பிரித்துக் காட்டினார். ஊர் அட்டையில் இருந்தது டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை. இங்குள்ள அட்டையில் இருந்ததும் டெல்மிசார்டன்தான், கூடவே ஆம்லோடிபின் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்தும் சேர்ந்திருந்தது. கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் ஒன்று பிரஷருக்கு, இன்னொன்று இதயத்துக்கு என்று நினைத்து இரண்டையும் தவறாமல் விழுங்கிவந்திருக்கிறார்; ஒரே மருந்து இரண்டு மடங்காகி, ரத்த அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு துண்டு அட்டை இருந்தது. கத்தரித்துக் கொடுத்ததில் பெயரும் காலாவதித் தேதியும் மறுபாதியோடு போய்விட்டதால், அது என்ன மாத்திரை என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. டானிக் கொடுக்காமல், பையோடு அப்படியே மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஒரு மாத்திரையை நிறுத்தியதும் கிறுகிறுப்பு நின்றது.

அந்தத் தாயார் விதிவிலக்கல்ல. அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு, எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மாறாத மருந்தின் பொதுப்பெயரும் அச்சிடப்பட்டே இருக்கிறது; ஆனால் அந்தப் பொடி ஆங்கில எழுத்தைப் படிக்கும் நிலையில் நம் வீட்டுப் பெரியவர்கள் இல்லை. படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். வீட்டில் உள்ள பிள்ளைகள் யாராவது ஒரு தாளில் பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு, வேளை, எதற்கான மருந்து என்ற விவரங்களைத் தமிழில் எழுதி அந்தப் பையிலேயே வைத்துவிட்டால், எந்த ஊர் மருத்துவரிடமும் அதை எடுத்து நீட்டலாம். அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குவதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, பக்கவிளைவைப் புது நோயென்று எண்ணி அதற்கும் ஒரு மாத்திரை சேர்த்துக்கொள்வது. ஆம்லோடிபினால் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். அதை நீர் கோத்துக்கொண்டது என்று கருதி, சிறுநீரை அதிகமாகப் போகச் செய்யும் நீர் மாத்திரை தொடங்குகிறார்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகளால் விடாத வறட்டு இருமல் வரலாம். அதற்கு இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய மாத்திரை தொடங்கிய பிறகு உடம்பில் எந்த மாறுதல் தெரிந்தாலும், அது தொடங்கிய தேதியோடு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்ப்பது வழக்கம். எழுதிக்கொடுத்த அந்தப் பரிசோதனையை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒதுக்கிவிடக் கூடாது. இம்மாத்திரைகளோடு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள், முட்டிவலிக்கென்று டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணியைத் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயம் உண்டு.

இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ஊருக்குப் போகும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை, திருவிழாவும் கல்யாணமும் வந்தால் தள்ளிப்போய்விடுகிறது. ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தடிப்பு, கறுப்பு மலம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் படித்து யாரும் பயந்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகளையும், நெடுநாள் சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டுகளையும் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

பக்கவிளைவுகளைப் பதிவு செய்வதற்கென்று 2010 முதல் மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இயங்கிவருவது நம்மில் பலருக்குத் தெரியாது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். பரேலில் உள்ள கே.இ.எம். உட்படப் பல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான மையங்கள் உள்ளன. இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாதவிடாய் வலிக்குப் பரவலாகச் சாப்பிடும் மெஃபனமிக் அமிலத்தால் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றோடு கூடிய கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 நவம்பர் இறுதியில் அந்த ஆணையம் எச்சரித்தது. இப்படி வந்து சேர்ந்த புகார்களை ஆராய்ந்துதான் அந்த எச்சரிக்கை வெளியிடப்பட்டது.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. அந்தத் தொலைபேசி எண்ணைத் தங்கள் உடல்நலப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். இங்குள்ள தமிழ் அமைப்புகள் நடத்தும் மருத்துவ முகாம்களில், வருபவர்களின் மருந்துப் பையைப் பார்த்துத் தமிழில் பட்டியல் எழுதித்தர ஒரு மேசையை ஒதுக்கும்படி தங்கள் இதழ் வழியாகக் கேளுங்கள். தாராவி, சயான், செம்பூர் ஆகிய எந்தப் பகுதியில் முகாம் நடந்தாலும் அந்த மேசையில் உட்கார நானும் என் தொழில் நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மாட்டுங்கா, மும்பை.