பிணத்தைத் தூக்குவதற்கு முன்னால்: லயன் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லயன்களின், அதாவது நம் தொழிலாளர் வரிசை வீடுகளின், பெரியவர்களுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் வணக்கம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் சித்தப்பா ஓடைக்கரையில் செத்துக் கிடந்தார். காலை ஆறரை மணி, மூடுபனி விலகவில்லை. தோளில் மடித்துப் போட்ட கம்பளி அப்படியே இருந்தது. ஒரு செருப்பு மட்டும் தேயிலைச் செடிக்குள். விலாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிராய்ப்பு. "மாரடைப்பு. மகராசன், படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார்" என்றீர்கள். போலீஸுக்குச் சொன்னால் கொண்டுபோய் அறுத்துக் கூறு போட்டுவிடுவார்கள் என்றீர்கள். நானும்தான் தலையாட்டினேன். மூன்று மணிக்குள் எரித்துவிட்டோம்.

மறுநாள் இருபதடி தள்ளி யானை லத்தி கிடந்தது. யானை தள்ளினால் மேலே சிராய்ப்போடு நின்றுவிட்டு, உள்ளே விலா எலும்பு நொறுங்கி, ஈரல் கிழிந்து, ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கலாம். திறந்து பார்த்தால்தான் தெரியும். நிவாரணம் கேட்டுப் போனபோது பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள். சாம்பலையா காட்டுவது? பணம் போகட்டும். முந்தின ராத்திரி சித்தப்பாவோடு சண்டை போட்ட அவர் மகனைப் பற்றி அன்று கிளம்பிய பேச்சு இன்னும் ஓயவில்லை. அவன் திருப்பூருக்கே போய்விட்டான்.

எல்லாச் சாவுக்கும் போஸ்ட்மார்ட்டம் கிடையாது. வைத்தியம் பார்த்துவந்த நோயில் போனால் பார்த்த டாக்டரே சான்று கொடுப்பார். தற்கொலை, கொலை, விபத்து, மிருகம் அடித்தது, மெஷினில் சிக்கியது, சந்தேகமான சாவு என்றால் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-வது பிரிவு என்போமே, 2024 ஜூலையிலிருந்து அது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 194. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு. அக்கம்பக்கத்து மரியாதைப்பட்ட ஆட்கள் இரண்டு பேராவது முன்னால் நிற்க, உடலில் உள்ள காயங்களைப் பார்த்து எழுத வேண்டும் என்கிறது அந்த 194-வது பிரிவு. இங்கே அந்த ஆட்கள் நீங்கள்தான்.

கூறு போடுவது என்கிறீர்களே, அது அப்படி இல்லை. கழுத்துக்குக் கீழிருந்து அடிவயிறு வரை ஒரு கீறல். மண்டையைத் திறந்தாலும் காதுக்குக் காது, முடிக்குள்ளே வெட்டுவார்கள், முகம் கெடாது. உறுப்புகளைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துத் தைத்துத் தருவார்கள். விஷமோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும் இரைப்பை, ஈரல், சிறுநீரகத்தில் கொஞ்சம் எடுத்து உப்புக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தோட்டத்தில் மருந்தடிக்கிற நமக்கு இது தேவைப்படாத காரியமா? அந்த முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். உடலை அதுவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அலைச்சல் எனக்கும் தெரியும். சாயங்காலம் உடலைக் கண்டெடுத்தால் பெரும்பாலும் மறுநாள்தான் போஸ்ட்மார்ட்டம். 2021 நவம்பரில் ராத்திரியிலும் செய்யலாம் என்று மத்திய அரசு சொன்னது. வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான், அதிலும் கொலை, தற்கொலை, சந்தேகச் சாவுக்குப் பொதுவாகக் கிடையாது. ஒரு ராத்திரி காத்திருக்கத்தான் வேண்டும்.

அடுத்த முறை பாதையோரம் யாராவது கிடந்தால் உடலைக் கழுவ வேண்டாம், சட்டையை மாற்ற வேண்டாம். எனக்கு ஒரு போன் போடுங்கள். ஜீப் வாடகை என் பொறுப்பு.

உங்கள் லயனில் பிறந்தவன்