கண்ணுக்கு விருந்து என்று ஒதுக்கிவிடாதீர்கள்

திரைப்படச் சங்கங்களின் திரையிடல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

வண்ணமும் இசையும் பொங்கி வழியக் காதலைச் சொல்லும் படங்கள் உங்கள் பட்டியல்களில் இடம்பெறுவதே அரிது. அப்படி இடம்பெற்றாலும், கனமான படங்களுக்கு நடுவே பார்வையாளர்கள் சற்று இளைப்பாறட்டும் என்று விடப்பட்ட ஒரு பிற்பகல் வேளைதான் அவற்றுக்குக் கிடைக்கிறது. அறிமுகம் செய்ய எழுபவரும், கதை எளிமையானதுதான் என்றும் கண்ணுக்கு விருந்தாக ரசிக்கலாம் என்றும் ஏறக்குறைய மன்னிப்புக் கோரும் குரலில் சொல்லிவிட்டு அமர்கிறார். அழகு மிகுந்தால் சிந்தனை குறையும் என்ற கணக்கு இதன் அடியில் இருக்கிறது. அந்தக் கணக்கு தவறு என்பதை, இத்தகைய படங்களுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க ஒரே ஒரு படத்தைக் கொண்டு உங்களிடம் வாதிட விரும்புகிறேன். ழாக் தெமி இயக்கி 1964இல் வெளிவந்து, அதே ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த பரிசைப் பெற்ற 'ஷெர்பூர்க்கின் குடைகள்' என்ற பிரெஞ்சுப் படம் அது.

படத்தில் பேசப்படும் வசனம் ஒன்றுகூட இல்லை, எல்லாமே பாடப்படுகிறது. கதையை நிறுத்திவிட்டுப் பாட்டுக்குப் போவதும் பாட்டு முடிந்து கதைக்குத் திரும்புவதுமான அமைப்புக்குப் பழகிய நமக்கு, இதில் முதல் சில நிமிடங்கள் சங்கடமாகவே இருக்கும். மிஷேல் லெக்ரானின் இசையில் ஒரு மெக்கானிக் வண்டி தயாராகிவிட்டது என்று பாடுகிறான். வேலை முடிந்து கைகழுவும் இடத்தில், எல்லாமே பாடப்படும் மேடை நாடகமான ஓபரா தனக்குப் பிடிக்காது, சினிமாதான் பிடிக்கும் என்று இன்னொருவன், அதையும் பாடியே, சொல்கிறான். தெமியின் குறும்பு அது. ஆனால் அந்தச் சங்கடம் தீர்ந்த பிறகு நிகழ்வது முக்கியமானது. வரிப் பாக்கியும் பெட்ரோலும், நீ இல்லாமல் என்னால் வாழவே முடியாது என்ற வாக்கும் ஒரே இசைக்குள் வந்துவிடுவதால், காதலுக்கு மட்டும் தனி மேடை என்ற சலுகை பறிபோகிறது. காதலும் கடையின் கணக்கு வழக்குகளைப் போல, பணமும் காலமும் தொட்டுக் கலைக்கக்கூடிய ஒன்றாகத் தெரியத் தொடங்குகிறது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடைக்கடை வைத்திருக்கும் எமெரி அம்மையாரின் மகள் ழெனெவியேவும் கார் பழுதுபார்க்கும் இளைஞன் கீயும் காதலிக்கிறார்கள். 1957இல் அவனை இராணுவச் சேவைக்கு அழைத்து, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த அல்ஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அவள் கருவுற்றிருக்கிறாள், கடிதங்கள் அரிதாகின்றன. வரிப் பாக்கியை அடைக்க முத்துமாலையை விற்கச் சென்ற இடத்தில் தாய்க்கு அறிமுகமான வைர வியாபாரி ரோலான் கசார், ழெனெவியேவைக் குழந்தையோடு ஏற்க முன்வருகிறார். யாரும் கொடியவர் அல்லர். யாரும் யாரையும் ஏமாற்றவுமில்லை. அவனுக்காக உயிரையே விட்டிருப்பேன், பிறகு ஏன் நான் இன்னும் சாகவில்லை என்று அவளே வியக்கிறாள். இவ்வளவு வெளிப்படையாகத் தன்னைத் தானே விசாரிக்கும் காதல் கதாநாயகிகள் திரையில் மிகச் சிலரே. அல்ஜீரியப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத வேளையில் அந்தப் போர் சாதாரண மனிதரின் வாழ்வில் இட்ட கோட்டைக் காட்டிய படத்தை, வண்ணமயமாக இருக்கிறது என்பதற்காக இலேசான படம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இனி அந்த வண்ணத்துக்கு வருகிறேன், ஏனெனில் என் வாதம் முழுவதும் அதைச் சார்ந்ததுதான். தெமியும் கலை இயக்குநர் பெர்னார் எவெயினும் இந்தக் கதைக்காகக் கற்பனை நகரம் எதையும் எழுப்பவில்லை. ஷெர்பூர்க் என்ற உண்மையான துறைமுக நகருக்கே சென்று, அதன் உட்சுவர்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தாள் ஒட்டியும் வண்ணம் பூசியும் படமெடுத்தார்கள். ஒரு கட்டத்தில் ழெனெவியேவின் உடையும் பின்னாலுள்ள சுவர்த்தாளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. அதை வெறும் அலங்காரம் என்று கடந்துவிடலாம். ஆனால் அது நிகழும் வேளையைக் கவனியுங்கள்: காத்திருப்பதா, வசதியான வீட்டுக்குப் போவதா என்று அவள் தன் விருப்பத்தை இழந்துகொண்டிருக்கும் வேளை அது. அறை அவளை விழுங்குகிறது. இதைச் சொல்ல ஒரு வரி வசனம் எழுதியிருந்தால் நீங்கள் பாராட்டியிருப்பீர்கள். சுவர்த்தாள் சொல்வதால் கவனிக்காமல் விடுகிறீர்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

பிரிவுக்கு முந்தைய இரவில் காதலர் இருவரும் சைக்கிளைப் பிடித்தபடி தெருவில் நடக்கவே நடக்காமல் மிதந்து செல்லும் காட்சியும் அப்படித்தான். அடியில் நகரும் மேடை இருப்பது வெளிப்படையாகத் தெரிகிறது, தெமி அதை மறைக்க முயலவுமில்லை. அடுத்த நாள் காலையில் இரயில் நிலையம் வரப்போகிறது என்று தெரிந்த இருவருக்குக் கால் தரையில் பாவாமல் இருப்பது நியாயந்தானே? பாடல்களெல்லாம் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. ழெனெவியேவாக நடித்த கத்ரின் தெனேவுக்கு வேறொருவர் பாடினார். ஆகவே ஒவ்வோர் அசைவும் இசையின் கால அளவுக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. இந்தப் படத்தில் நாம் உணரும் பதற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: மனிதர்கள் தயங்க விரும்பினாலும் இசை அவர்களைத் தயங்க விடுவதில்லை.

அத்தனை நிறங்களையும் ஏன் செலவிட்டார்கள் என்பது இறுதிக் காட்சியில் விளங்கும். 1963 திசம்பர், பனி பெய்யும் இரவு, கீ சொந்தமாக வாங்கிய பெட்ரோல் நிலையம். தன் மகளோடு காரில் வரும் ழெனெவியேவ் தற்செயலாக அங்கே நிற்கிறாள். எந்த வகைப் பெட்ரோல் வேண்டும் என்று பணியாளர் இடையில் வந்து கேட்கிறார். மகளைப் பார்க்கிறாயா என்றால் அவன் தலையசைத்து மறுக்கிறான். நலமா என்ற கேள்விக்கு நலம் என்று பதில் கிடைக்கிறது, அவ்வளவே. எண்பது நிமிடங்களுக்கு மேல் கண்ணை நிறைத்திருந்த இளஞ்சிவப்பும் பச்சையும் வெளியே எங்குமில்லை, பனியின் வெண்மையும் இரவின் கருமையும்தான். முதலில் அவ்வளவு கொடுத்திருக்காவிட்டால் இந்த இழப்பை நாம் கண்ணால் அறிந்திருக்க மாட்டோம். சாம்பல் நிறத்திலேயே தொடங்கி முடியும் ஒரு யதார்த்தப் படத்தால் இதைச் செய்ய இயலாது.

எனவே இவ்வகைப் படங்களைத் தேர்வுசெய்யும்போது சிலவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவதாகப் பிரதி. இந்தப் படம் எடுக்கப்பட்ட ஈஸ்ட்மன்கலர் சுருள்கள் காலப்போக்கில் வெளிறிச் சிவந்துபோகும் இயல்புடையவை. தெமி முன்யோசனையோடு அடிப்படை நிறம் ஒவ்வொன்றையும் தனியே பதிந்த மூன்று கருப்பு வெள்ளைப் பிரதிகளைச் சேமித்து வைத்திருந்ததால்தான், அவர் 1990இல் மறைந்த பிறகு அவருடைய மனைவியும் இயக்குநருமான ஆக்னஸ் வர்தாவின் முயற்சியால் பழைய நிறங்கள் மீண்டன. மீட்டெடுக்கப்பட்ட அந்தப் பதிப்பு கிடைக்கும்போது, மங்கிய நகல் ஒன்றை ஓட்டிவிட்டுப் படம் மனத்தைத் தொடவில்லை என்று பேசுவது முறையாகாது. வசனமே பாட்டாக இருக்கையில் பாடல்களுக்குத் துணைத்தலைப்புப் போடாத பிரதியால் பயனில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். பிற இசைப் படங்களில் இந்தக் குறையைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மற்றொன்று, நேரமும் அறிமுகமும். போர் குறித்த படங்களின் வரிசையிலோ, பணமும் குடும்பமும் குறித்த படங்களின் வரிசையிலோ இதை மாலையின் முதன்மைக் காட்சியாக வையுங்கள். அறிமுகம் செய்பவர் கதையின் எளிமைக்காக வருத்தம் தெரிவிக்காமல், சுவர்களைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தால் போதுமானது.

இப்படிக்கு,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்