பலூன் ஏன் காத்திருக்கிறது என்பதைக் கூட்டத்துக்குச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கில் வெப்பக் காற்றுப் பலூன் விழா நடக்கும்போது, பலூன்களை மேலே ஏற்றாமல் நிறுத்தி வைக்கும் காரணத்தைத் திடலில் கூடியிருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியில் விளக்க வேண்டும், அந்த விளக்கம் தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் பேரனை அழைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி, தீவில் நடந்த அத்தகைய விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். புல்தரையில் விரித்துக் கிடந்த நைலான் துணிக்குள் பெரிய விசிறியால் காற்றை நிரப்பினார்கள். துணி பாதி உப்பியதும் பர்னரிலிருந்து நெருப்பு சீறிப் பாய்ந்தது. அந்தச் சத்தத்தில் பேரன் என் கையை இறுகப் பற்றிக்கொண்டான். சற்று நேரத்தில், படுத்துக் கிடந்த துணி ஆறேழு மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது. கயிற்றால் கட்டிய நிலையிலேயே அது சில முறை மேலே போய் வந்தது. வரிசையில் எங்கள் முறை நெருங்கிய வேளையில் மரக்கிளைகள் லேசாக அசையத் தொடங்கின. உடனே பலூனின் உச்சியிலுள்ள திறப்பைத் திறந்து, காற்றை வெளியேற்றி, துணியை மடித்துவிட்டார்கள்.

எதற்காக என்று ஒருவரும் சொல்லவில்லை. தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவே சுற்றியிருந்தவர்கள் பேசிக்கொண்டு கலைந்தார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் குழுவினர் செய்தது முற்றிலும் சரி.

காற்றோடு சேர்ந்து மிதந்து செல்லும் பலூனில் இருப்பவருக்குக் காற்று வீசுவதே தெரியாது. கயிற்றால் கட்டிய பலூனோ அசையாமல் நின்று காற்றை எதிர்க்க வேண்டியிருப்பதால், துணி ஒரு பக்கம் குழிந்து, கூடை சாய்ந்து, உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து நேரலாம். மரக்கிளையை அசைக்கும் காற்றே அதற்குப் போதும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும் நம் தீவில், பலூனுக்கு வாய்ப்பது விடியற்காலையும் மாலை மங்கும் நேரமும்தான்.

நமது வெப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 2,800 கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூனின் உள்ளே காற்றை 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், வெளியே 10 பாகை குளிர் இருக்கும் நாட்டில் அது 800 கிலோவுக்கு மேல் தூக்கும். வெளியே 30 பாகை இருக்கும் நம் ஊரில் சுமார் 600 கிலோதான் தூக்கும். துணி, பிரம்புக் கூடை, பர்னர், எரிவாயுத் தோம்புகள் ஆகியவற்றின் எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஒரு முறைக்கு ஏன் இத்தனை குறைவான பேரை ஏற்றுகிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் இதை அறிந்திருந்தால் அமைதியாக இருந்திருப்பார்கள்.

அன்று திரும்பும் வழியில், நெருப்புதான் பலூனைத் தூக்குகிறதா என்று பேரன் கேட்டான். நான் தோட்டத்தில் வளர்ந்தவன்; சருகைக் கூட்டிக் கொளுத்தும்போது கருகிய இலைத்துணுக்குகள் கூரைக்கு மேலே பறந்ததைப் பார்த்திருக்கிறேன். அதையே எடுத்துச் சொன்னேன். பிரான்சில் காகித ஆலைக் குடும்பத்தில் பிறந்த மோங்கோல்ஃபியே சகோதரர்களும் புகையைக் கவனித்தே தொடங்கினார்கள். புகைக்குள் ஏதோ தனி வாயு இருப்பதாக அவர்கள் தவறாக நம்பினார்கள். ஆனாலும் 1783 செப்டம்பரில் ஓர் ஆடும் வாத்தும் சேவலும், அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இரண்டு மனிதர்களும் அவர்களுடைய பலூனில் பறந்தார்கள். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைவதால் மேலெழுகிறது என்பதைப் பேரன் புரிந்துகொண்டது கரும்பலகையில் அல்ல, அந்தப் பயணத்தில்தான்.

ஆகவே, விழா ஏற்பாட்டாளர்கள் காற்றின் வேகத்தை ஒரு பலகையில் எழுதி, எந்த அளவைத் தாண்டினால் பலூன் ஏறாது என்பதையும் அருகிலேயே குறிப்பிட்டு, மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்களைக் காலை வேளையில் அழைத்து வந்து, துணியை விரிப்பதிலிருந்து மடிப்பது வரை பார்க்க வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாணவர் பகுதியில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கினால் பெரிதும் உதவும்.

தமிழில் விளக்கம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னை அழைக்கலாம். மூன்றாம் படிவம் படிக்கும் என் பேரனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.