உளுந்துக்கும் ஒரு பட்டம் உண்டு

ஐயா,

காலநிலை மாற்றம் என்றாலே பேச்சு நெல்லோடு நின்றுவிடுகிறது. காவிரி டெல்டாவில் நெல்லுக்கு அடுத்து வரும் உளுந்தின் பாடு யார் கண்ணிலும் படுவதில்லை.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கும் கதிருக்கிடையே ஈர மண்ணில் உளுந்தைத் தெளிப்பது இங்கே பழக்கம். உழவு கிடையாது, பாசனமும் கிடையாது. மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் துணை. ஆடுதுறை 3 ரகம் 70, 75 நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் தையில் மழை விட்டிருக்க வேண்டும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தப்பிய மழை கொட்டியது. நெல் சாய்ந்தது ஊருக்கே தெரியும். தண்ணீர் தேங்கினால் உளுந்து முளையிலேயே அழுகிவிடும் என்பதை யாரும் பேசவில்லை. (அறுவடை இயந்திரம் முளையை நசுக்கிவிட்டுப் போவது தனிக் கதை.)

சரி, தள்ளி விதைக்கலாமே என்பார்கள். தள்ளினால் பூக்கும் நேரம் பங்குனி வெயிலில் மாட்டிக்கொள்ளும். பூ உதிரும், வெள்ளை ஈ பெருகினால் மஞ்சள் தேமல் நோயும் வரும். 2024இல் டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குப் பதிலாக ஜூலை 28இல்தான் திறந்தது. சம்பா பிந்தினால் உளுந்தும் பிந்தும்.

பழைய விதைப்புப் பட்டத் தேதியையே சொல்லிக்கொண்டிராமல், அந்தந்த ஆண்டின் மழையைப் பார்த்து வட்டாரவாரியாக வேளாண் துறை தேதி அறிவிக்கட்டும். மறுவிதைப்புக்கான விதையும் தை பிறக்கும் முன்பே கிடங்கில் இருக்கட்டும்.

– ஒரு வாசகர், மன்னார்குடி