பதில் யாருக்குச் சொந்தம்?

அன்பு மகன் ஜோயலுக்கு, அம்மாவின் ஸ்தோத்திரங்கள்.

காஸ்பல் குவார்டெட்டையும் (கிறிஸ்தவப் பாட்டை நாலு பாகக் குரல் ஒத்திசையில் பாடும் குழு) அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை வாத்தியக்காரர்களையும் சேர்த்து ஒரு ஆல்பம் பதிவுசெய்ய ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாய். எந்த மைக், எத்தனை மைக் என்றுதான் கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறாய். மைக்குக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு வரி பாடி முடிந்ததும் வருகிற இடைவெளி யாருக்கு?

ப்ளூஸில் பாடகர் வரியை ஏறக்குறைய இரண்டு பாருக்குள் (பார் என்பது சில தட்டுகள் சேர்ந்த ஒரு தாளக் கட்டம்) முடித்துவிடுவார். அடுத்த இரண்டு பார் கிட்டாருக்கோ ஹார்மோனிகாவுக்கோ சொந்தம். 12 பார் சுற்றில் மூன்று வரி, மூன்று பதில். குவார்டெட்டிலும் அதே இடத்தில் அதே இடைவெளி உண்டு. ஆனால் அங்கே பதில் சொல்வது பின்பாட்டுக்காரர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்தால், முதல் நாள் எல்லோரும் அந்த ஒரே சந்துக்குள் நுழையப் பார்ப்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மேலும் குறை சொல்ல முடியாது. சேர்த்துக் கேட்டால் பாட்டு மூச்சுத் திணறும். மிக்ஸில் கிட்டாரைக் குறைத்துப் பார்ப்பாய், ஹார்மோனிகாவைக் குறைத்துப் பார்ப்பாய், தீராது.

அதனால் பதிவுக்கு முன்பே ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் தாளில் எழுதி, வரிக்கு எதிரே பதில் சொல்பவர் பெயரைக் குறித்துவிடு. முதல் சரணம் முழுக்க ஸ்லைடு கிட்டார் (தந்திமேல் குழாயை வழுக்கி வாசிப்பது) என்று வை. இரண்டாவது சரணம் பின்பாட்டுக்கு. மூன்றாவதில் இரண்டு வரிக்கு ஹார்மோனிகா, கடைசி வரிக்குப் பின்பாட்டு. அதற்குப் பிறகு வருகிற 'டிரைவ்' பகுதியில் வாத்தியங்கள் ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) நிற்கும். பின்பாட்டுக்காரர்கள் ஒரு சின்ன வாசகத்தைத் திரும்பத் திரும்பப் பாட, அதன்மேல் லீட் பாடகர் மனம்போல ஏறுவார். அந்த இடத்தில் யாரும் பதில் வாசிக்கக் கூடாது, தாளம் மட்டும் போதும். ப்ளூஸ் கிட்டார்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். சூடு ஏற ஏற சோலோ வாசிக்கத்தான் அவர்கள் கை பழகியிருக்கிறது. அதை முதல் நாளே நீ சொல்லிவிட வேண்டும்.

இதைக் காதால் படிக்க 2001-ல் ரியல் வேர்ல்ட் இசைக் கம்பெனி வெளியிட்ட 'ஸ்பிரிட் ஆஃப் தி செஞ்சுரி' போதும். பாடியவர்கள் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா. 1939-ல், நீ இருக்கிற அலபாமா பர்மிங்காமுக்குக் கிழக்கே உள்ள டல்லடேகாவில், கறுப்பினப் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் தொடங்கிய குழு. தயாரித்தவர் ஜான் செலூ. கிட்டாருக்கு ஜான் ஹேமண்ட், ஸ்லைடுக்கும் மற்றத் தந்தி வாத்தியங்களுக்கும் டேவிட் லிண்ட்லி, ஹார்மோனிகாவுக்கு சார்லி மஸல்வைட், டபுள் பேஸுக்கு டேனி தாம்சன், ட்ரம்ஸுக்கு மைக்கேல் ஜெரோம். இந்த ஐந்து பேரில் ஆர்கன், பியானோ வாசிப்பவர் ஒருவரும் இல்லை, கவனித்தாயா? ஆலயத்தில் ஆர்கன்தான் கார்டை நீட்டிப் பிடித்து இடைவெளி எல்லாவற்றையும் நிரப்புகிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையைக் குரல்கள் செய்தாக வேண்டும்; குரல்களின் ஒத்திசை வெளியே தெரியும். 2002 பிப்ரவரியில் அந்த ஆல்பத்துக்குப் பாரம்பரிய சோல் காஸ்பல் பிரிவில் கிராமி விருது கிடைத்தது. அதற்கு உரியதுதான் என்பேன். உன் பட்டியலில் ஹேமண்ட் ஆர்கன் (அது கருவியின் பெயர், அந்தக் கிட்டார்காரர் அல்ல) என்று போட்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

அந்த ஆல்பத்தில் எல்லோரும் பேசுகிற பாட்டு 'அமேசிங் கிரேஸ்'. 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற நாட்டுப்புறப் பாட்டின் மெட்டில் அதைப் பாடியிருக்கிறார்கள். ஏதோ மாயம் மாதிரித் தோன்றும், அசை எண்ணினால் விஷயம் பிடிபடும். 'அமேசிங் கிரேஸ்' எழுதிய ஜான் நியூட்டனின் வரிகள் 8, 6, 8, 6 அசை. அந்த நாட்டுப்புறப் பாட்டின் சரணமும் ஏறக்குறைய அதே அளவு. நம் பாமாலையில் ஒரே அளவுள்ள பாட்டுகளை ராகம் மாற்றிப் பாடுகிறோமே, அதே கணக்கு. ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் பாட்டு ஆகிவிடாது, ராசா. 'அமேசிங் கிரேஸி'ன் வழக்கமான மெட்டு ஐந்து ஸ்வரத்தில், மேஜர் ஸ்வர வரிசையில், மூன்று எண்ணிக்கையில் அசைவது. மற்றது மைனர் ஸ்வர வரிசை, 6/8 நடை. நியூ ஆர்லியன்ஸில் வாழ்க்கை சீரழிந்தவனின் புலம்பல் அது. அந்த மெட்டில் பாடும்போது, கிருபையைப் பெற்றவன் எங்கிருந்து மீண்டு வந்தான் என்பது காதில் விழுகிறது. நீயும் இப்படி ஒன்று முயன்றால், அசையோடு அழுத்தத்தையும் பார். முக்கியமான சொல் பாரின் பலமான தட்டில் விழ வேண்டும். 'ஆஃப்', 'தி' மாதிரிச் சொல் அங்கே விழுந்தால் அந்தச் சோடியைக் கைவிட்டுவிடு.

சுருதி விஷயத்தில் பாடகர்கள் பக்கம் நில். இந்தக் குழுக்கள் ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட்டில் (ஈக்கும் ஏக்கும் அரை ஸ்வரம் கீழே) பாடும். ப்ளூஸ் கிட்டாருக்கு ஈயும் ஏயும்தான் வசதி. 'அரை ஸ்வரம்தானே, ஏற்றிப் பாடுங்கள்' என்று யாராவது சொல்வார்கள். ஏற்றினால் லீட் பாடகரின் குரல் உடைகிற இடம் வேறு சொல்லுக்குப் போய்விடும், நாலாவது டேக்கில் (திரும்பப் பாடிப் பதியும் முறையில்) தொண்டை கட்டிவிடும். கிட்டார்களை அரை ஸ்வரம் இறக்கித் தந்தி கட்டச் சொல். ஈ பிடியில் வாசித்தால் ஈ ஃப்ளாட் கேட்கும். இறக்கினால் தந்தி தொய்யும், ஸ்லைடு போகும்போது கிட்டார் கழுத்தில் உள்ள ஃப்ரெட் கம்பியில் இடிக்கும். 10 கனத் தந்திக்குப் பதில் அதைவிடத் தடிமனான 11 கனத் தந்தி போட்டால் சரியாகும். ஹார்மோனிகா இரண்டாம் நிலையில் (கருவியின் ஐந்தாம் ஸ்வரத்தை ஆதாரமாக வைத்து) வாசிப்பதால், பாட்டு ஈ ஃப்ளாட் என்றால் கருவி ஏ ஃப்ளாட். பாட்டு ஏ ஃப்ளாட் என்றால் டி ஃப்ளாட்.

இன்னொரு உரசல் மூன்றாம் ஸ்வரத்தில் வரும். மேல்குரல் பாடும் டெனர் மேஜர் மூன்றாவதை நீட்டிப் பிடித்திருப்பார். ஸ்லைடு அதற்கு அரை ஸ்வரம் கீழே உள்ள மைனர் மூன்றாவதிலிருந்து வளைந்து ஏறும். வளைந்து போனால் அழகு. அங்கேயே நின்றால் சுருதி சேராத மாதிரி கேட்கும், பழி பாடகர் மேல் விழும். ஸ்லைடு அந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டிய பாட்டுக்கு, பின்பாட்டில் மூன்றாவதை விட்டுவிட்டு ஆதார ஸ்வரம், ஐந்தாவது, ஃப்ளாட் ஏழாவது மட்டும் பாடச் சொல்.

இனி மைக். பின்பாட்டுக்காரர் நாலு பேருக்கு நாலு மைக் வேண்டாம். எட்டு வடிவ மைக் (முன்னாலும் பின்னாலும் வருவதைக் கேட்பது) ஒன்றை நடுவில் வைத்து, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அதன் பக்கவாட்டில் காது கேட்காது. அந்தத் திசையில் ட்ரம்ஸை வை. யார் குரல் தூக்கலாக இருக்கிறதோ அவரை அரைக் காலடி பின்னால் நகர்த்து. அடிக்குரல் பாடுபவர் ஒன்றரை அடிக்குள் வந்தால் குரல் பொம்மென்று ஊதும். லீட் பாடகருக்குத் தனி மைக். அவர் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருக்கட்டும். கிட்டாரின் ஒலிபெருக்கியான ஆம்ப் சின்னதாக, சத்தம் குறைவாக இருந்தால் போதும். ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் கசியத்தான் செய்யும்; அறையில் நல்ல சத்தமாக இருந்தால் கசிவும் நல்லதுதான். ஒன்று மட்டும் நினைவு வை: கசிவு உள்ள குரலைச் சுருதி திருத்த முடியாது, பின்னால் உள்ள கிட்டாரும் சேர்ந்து கோணும். திருத்தவும் வேண்டாம். அந்தக் குரல்களை நேராக்கினால் ப்ளூஸ் முதலில் போகும், பின்னாலேயே காஸ்பலும் போகும்.

வேகத்தை நிலையாக வைக்கக் காதில் தட்டிக்கொண்டே இருக்கும் க்ளிக் வைக்காதே. டிரைவ் பகுதியில் வேகம் தானாக ஏறும். நிமிடத்துக்கு 90 தட்டில் தொடங்கி 96-ல் முடிந்தால் அது பிசகு அல்ல. ஆனால் இரண்டு டேக்கை நடுவில் ஒட்டும்போது வேகம் இடிக்கும் என்பதால், ஒட்டுவதானால் முழுப் பகுதியாகவே ஒட்டு. ஹெட்போன் எல்லோருக்கும் ஒரு காதில் மட்டும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு இழுப்பதைக் கேட்டுத்தான் குழு ஒன்றாகத் தொடங்கும். பார்வையற்ற பாடகர் குழுவில் இருந்தால் கையசைப்புக்கு வேலையே இல்லை, மூச்சுதான் சைகை.

ஹார்மோனிகாக்காரர் வேறு ஊரிலிருந்து தன் வாசிப்பைக் கோப்பாக அனுப்புவார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் விருப்பம் இல்லை. பதிலைக் கேட்டுத்தான் லீட் பாடகர் அடுத்த வரியை எப்படிப் பாடுவது என்று முடிவுசெய்கிறார். வேறு வழியில்லை என்றால் குரலை முதலில் பதிவுசெய், ஹார்மோனிகா அதன்மேல் வரட்டும். முன்பே வாசித்துவைத்த ஹார்மோனிகாவுக்குப் பாடகரைப் பாட வைக்காதே.

குழுவில் மூத்தவர் யாராவது ப்ளூஸை 'பிசாசின் சங்கீதம்' என்று முகம் சுளிக்கலாம். வாதாடாதே. காஸ்பல் பாட்டுக்குத் தகப்பன் என்று அவர்கள் கொண்டாடும் தாமஸ் டார்சி, ஜார்ஜியா டாம் என்ற பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்த ப்ளூஸ்காரர் என்பது அவர்களுக்கும் தெரியும். எந்தப் பாட்டை எந்த மெட்டில் பாடச் சம்மதம் என்று மட்டும் கேள். முடியாது என்றால் அந்தப் பாட்டை விடு.

இதே டார்சி, மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்த 1932-ல் எழுதிய 'பிரெஷஸ் லார்ட்' உன் பட்டியலில் 'பழம்பாடல்' என்று இருக்கிறது. திருத்து. அதற்கு உரிமைக்காரர் உண்டு, லைசென்ஸ் வாங்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஏற்கனவே வெளியான பாட்டை உன் பாணியில் பாட, உரிமைக்காரர் மறுக்க முடியாத கட்டாய லைசென்ஸ் கிடைக்கும், ஆனால் அடிப்படை மெட்டை மாற்ற அது இடம் கொடுக்காது. அதனால் மெட்டு மாற்றும் வேலையைப் பழம்பாடல்களோடு வைத்துக்கொள். அவற்றிலும் இசையமைப்புப் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு.

பாட்டுகளின் சுருதியை ஹார்மோனிகாக்காரருக்கு இந்த வாரமே அனுப்பிவிடு. டி ஃப்ளாட் கருவி எல்லோர் பையிலும் இருக்காது, கடையில் சொல்லி வாங்க நாள் எடுக்கும்.

அன்புடன்,
அம்மா