காசிமேட்டுக்காரர்களுக்கும் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்பு அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

எங்கள் தம்பியின் முதல் ராப் வீடியோ வெளியாகிவிட்டது. முகமும் குரலும் அவனுடையவை. அந்த மூன்று நிமிடத்தைத் தாங்கி நிற்கும் யோசனைகளில் பாதிக்கு மேல் உங்களுடையவை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் யார் என்ன செய்தார் என்று சொல்ல இடமில்லை. இனி முதல் பாட்டு எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கே விவரமாகவே எழுதுகிறோம்.

பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை, செய்துகொடுத்த நண்பருக்கு முதல் நன்றி. இணையத்தில் பலருக்கும் உரிமம் விற்கப்படும் பீட்டை எடுத்தால், அதே பீட்டில் முன்பே பாடி வெளியிட்டவர் பெயரில் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கலாம். நீங்கள் புதிதாகச் செய்தீர்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தீர்கள். குரலும் இசையும் சேர்ந்து முடிந்த இறுதி மிக்ஸ் கைக்கு வராமல் ஷூட்டிங் தேதி குறிக்காதீர்கள் என்று நீங்கள் பிடித்த பிடிவாதத்துக்குத் தனி நன்றி. பாட்டின் வேகம் கொஞ்சம் மாறினாலும், ஒரு வெர்ஸை (பாட்டின் ஒரு பத்தியை) மறுபடி பாடிச் சேர்த்தாலும், எடுத்த காட்சியில் உதடு பாட்டோடு ஒட்டாது. வேகத்தை 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டில், நிறுத்தியதில் எடிட்டருக்கும் நிம்மதி: நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 பிரேம், நான்கு தட்டு கொண்ட ஒரு பாருக்கு 64. வெட்டு எங்கே விழவேண்டும் என்பதை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் படகு உரிமையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடப்பதால்தான் அந்தப் பின்னணி எங்களுக்குக் கிடைத்தது. உங்களுக்கோ அது வருமானம் நின்றுபோன காலம். வலை சரிபார்ப்பது, பெயின்ட் அடிப்பது என்று வேலை மட்டும் நிற்கவில்லை. அப்படியிருந்தும் மேல்தளத்தைக் கழுவி, டீசல் வழுக்கும் இடங்களில் சாக்கு விரித்து வைத்தீர்கள். பக்கத்துப் படகில் கேமராவை வைக்கப்போன எங்கள் ஒளிப்பதிவாளரைத் தடுத்து, பாடுகிறவன் நிற்கும் படகிலேயே வைக்கச் சொன்னீர்களே, அதுதான் பெரிய உதவி. இரண்டு படகும் வேறு வேறு தாளத்தில் ஆடும். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒரே தளத்தில் இருந்தால் ஆளும் கேமராவும் சேர்ந்தே அசைவார்கள், பின்னால் இருக்கும் கொடிக்கம்பங்கள் மட்டும் ஆடும். அந்த அழகு நாங்கள் திட்டமிட்டதல்ல.

இனி ஒலிக்கார நண்பருக்கு. நல்ல வெளிச்சம் விடியலில்தான். மே மாதத்தில் சென்னையில் 5.45 மணி வாக்கில் சூரியன் கடலுக்கு மேலே வந்துவிடும். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. அதனால் தம்பி பாட்டைக் கேட்டுப் பாட, கேமராவுக்குத் தெரியாத பக்கத்துக் காதில், சட்டைக்குள்ளே வயர் விட்டு இயர்போன் மாட்டினீர்கள். புளூடூத் வேண்டாம் என்று சொன்னதும் சரி, அது நடுவில் அறுந்தால் டேக்கே போச்சு. வாய் மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு பொய் சொல்லிவிடும் என்று முழுக் குரலில் பாடவைத்தீர்கள். கேமரா மைக்கில் விழுந்த அந்தக் குரலின் ஒலியலை வடிவத்தைப் பார்த்தே பாட்டோடு பொருத்தினோம்.

ஆறு மணிக்குப் பிறகு பாட்டை ஓடவிட்டு வாயசைக்க வைக்கும், சினிமாக்காரர்கள் நாக்ரா என்று சொல்லும் வேலை: ஸ்பீக்கரைத் தம்பியின் காலடியில் வைத்தீர்கள். ஒலி 14 மீட்டர் கடக்க ஏறத்தாழ ஒரு பிரேம் நேரம் ஆகிறது. கேமரா தூரத்தில் நின்ற ஷாட்டுகளில் அந்த ஒரு பிரேமை எடிட்டர் நகர்த்தட்டும் என்று தாளில் குறித்தும் வைத்தீர்கள்.

ஸ்லோமோஷனில் வரும் ஹூக்குக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் வரிக்கு, நொடிக்கு 36 பிரேம் என்பதும் உங்கள் கணக்கு. 48 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும், அதனால் உதடு ஒட்ட, எடுக்கும்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிடவேண்டும்; அந்த வேகத்தில் ராப்பின் சொற்கள் வாயில் நிற்காது. ஒன்றரை மடங்கு, அதாவது 135 பிபிஎம், பழகினால் முடியும். அந்த வேகத்துக்கான கோப்பை முன்கூட்டியே செய்துகொடுத்துத் தம்பியைப் பழகவைத்தீர்கள். பல கேமராக்கள் இந்த ஓட்டத்தில் ஒலியைப் பதிவதே இல்லை என்பதால், ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பாட்டு ஓடும் நேரத்தைப் போன் திரையில் கேமராவுக்குக் காட்டினீர்கள். அந்த எண் இல்லையென்றால் எடிட்டர் உதடு பார்த்தே தேடியிருக்கவேண்டும்.

லைட்மேன் அண்ணன்களுக்கு. வியாசர்பாடித் தெருவில் டியூப்லைட்டுகளின் கீழ் எடுத்தபோது ஷட்டரை (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 24 பிரேமுக்கு 1/50 நொடி, 36 பிரேமுக்கு 1/100 நொடி என்று பூட்டிவைக்கச் சொன்னீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு பொருந்தாத அளவுக்கு நகர்ந்தால் திரையில் வெளிச்சம் துடிக்கலாம்.

அதைவிடப் பெரியது தம்பியின் கறுப்பு நிறத்தை நீங்கள் நடத்திய விதம். பான்கேக் மேக்கப் வேண்டாம், நேராக முகத்தில் அடிக்கும் லைட் வேண்டாம் என்றீர்கள். பக்கவாட்டில் பெரிய தெர்மாகோல், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், கன்னத்தில் மெல்லிய தேங்காய் எண்ணெய். கறுப்புத் தோலில் அழகைக் காட்டுவது மினுமினுப்புதான். வெளுப்பாக்கினால் அது செத்துவிடும். எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்த அக்காவும் அதே மனத்தோடு, வானம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை என்று முகத்தை அளவாகக் கொண்டு மற்றதை அமைத்தார். இந்த வீடியோவில் நாங்கள் அதிகம் பெருமைப்படுவது இதில்தான்.

மீன் விற்கும் அக்காமார்களே, ஒப்புதல் தாளை ஒருவர் சத்தமாகப் படிக்க, எல்லோரும் கேட்ட பிறகே கையெழுத்து என்று நீங்கள் வைத்த நிபந்தனை நியாயமானது. வேண்டாம் என்றவர்களின் முகம் எந்த ஷாட்டிலும் இல்லை. குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்டார்கள்.

ஏசி அறையிலிருந்து கடற்கரைக்கு வந்தால் லென்ஸ் வேர்க்கும், அரை மணி நேரம் முன்பே பெட்டியை வெளியே வையுங்கள் என்று நினைவூட்டிய வாடகைக் கடை அண்ணன், வெயிலில் கேமரா சூடாகி அணையாமல் குடை பிடித்த பையன்கள், டீக்கடை, ஆட்டோ எல்லோருக்கும் நன்றி. கார்டுகளைக் காத்த தங்கைக்கும்: நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு ஹார்ட்டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் கோப்பைத் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க விட்டாய்.

ஒப்புதல் தாளின் மாதிரியும் ஷாட் பட்டியலும் எங்களிடம் இருக்கின்றன. முதல் பாட்டு எடுக்கும் யார் கேட்டாலும் தருகிறோம்.

அன்புடன்,
படப்பிடிப்புக் குழுவினர்