இஃபுகாவ் மலைவயல்களின் வயதைத் திருத்துங்கள்

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவினருக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் மாகாணத்து அடுக்கு நெல்வயல்களை 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தீர்கள். கியாங்கான் ஊரைச் சேர்ந்த நாகாகாதான் வயல்களும் அதில் அடக்கம். அவற்றைப் பற்றிய உங்கள் குறிப்பு '2000 ஆண்டுகளாக' என்றே தொடங்குகிறது. அந்த வரியைத் திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த எண் மண்ணைத் தோண்டிக் கண்டதல்ல. இத்தனை மலைச்சரிவுகளையும் மனிதர்கள் கையாலேயே வெட்டிக் கல் அடுக்க எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று ஓட்லி பேயர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் சென்ற நூற்றாண்டில் போட்ட உத்தேசக் கணக்கு. தோண்டிப் பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். ஸ்டீபன் அகபாடோ தலைமையிலான தொல்லியல் குழு, ஊர் மக்களோடு சேர்ந்து கியாங்கானின் பழைய குடியிருப்பில் அகழாய்வு செய்தது. அடிமண்ணில் சேப்பங்கிழங்கு பயிரிட்ட தடயம் இருந்தது, நெல் இல்லை. நீர் தேக்கிச் செய்யும் நெல் சாகுபடி கடந்த 400 ஆண்டுகளுக்குள் வந்ததே என்பது அவர்கள் முடிவு.

ஸ்பானியர் கீழே மகாத் பள்ளத்தாக்கில் காலூன்றிய காலம் அது. அவர்களுக்குப் பணிய மறுத்தவர்கள் மலையேறினார்கள், சேம்பு விளைந்த சரிவுகளை நெல்வயல்களாக்கினார்கள் என்கிறது அந்த ஆய்வு. நெல் குவிந்த வீட்டால் சடங்குக்கு ஊரைக் கூட்டி விருந்து வைக்க முடிந்தது. ஊரும் ஒன்றுபட்டு நின்றது. ஸ்பெயினின் ஆட்சியால் அந்த மலைகளை முழுமையாக அடக்க முடியவே இல்லை. இந்தப் போராட்டம் முழுவதையும் உங்கள் ஒற்றை வரி மறைத்துவிடுகிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான்.

வயது குறைந்தால் பெருமை குறையும் என்று அஞ்சுகிறீர்களா? சில தலைமுறைகளுக்குள் ஒரு மலைநாட்டையே வயலாக்கியவர்களின் திறமை எனக்கு இன்னும் பெரிதாகவே தெரிகிறது. 'காலங்காலமாக மாறாதவர்கள்' என்ற சித்திரமோ அவர்களுக்குத் தீங்கு செய்கிறது. பராமரிக்க ஆளின்றிப் பல வயல்கள் கைவிடப்பட்டதால் 2001-இல் இவற்றை ஆபத்திலுள்ளவை என்று அறிவித்து, 2012-இல்தான் அந்த அறிவிப்பை விலக்கினீர்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகும் இளைஞர்மேல் ஈராயிரம் ஆண்டு மரபை முறித்த பழியையும் ஏற்றுவது என்ன நியாயம்?

புதிய காலக்கணிப்பை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் இரண்டையும் எழுதுங்கள். சேம்பையும் ஸ்பானியரையும் சேர்த்து எழுதுங்கள். அச்சேறும் முன் அந்தக் குறிப்பைக் கியாங்கான் மக்களிடம் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆர்வலர் ஒருவர்